சடை எண் பன்னிரண்டு

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான், எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிடிபடாது; அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற ஆள். அதோடு, சொல்லிக்கொண்டு வரும்போது எங்காவது வாய் தவறி எண்ணெயில்தான் கோளாறு என்கிற மாதிரி ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், அந்த எண்ணெயைக் காய்ச்சியவள் நான் என்பதால் பழி என் தலையில்தான் வந்து விடியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எண்ணெயில் ஒன்றும் இல்லை. செக்கு நல்லெண்ணெய், கொஞ்சம் வெந்தயம், நாலு மிளகு, அவ்வளவுதான். பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் அதைத்தான் காய்ச்சினேன், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை.

எங்கள் மகளிர் கல்லூரி கரிசல் காட்டு நடுவே, பஸ் நின்றால் நிற்கும், இல்லாவிட்டால் இல்லை என்கிற ஓர் இடத்தில் இருக்கிறது. அதன் விடுதியில் நான் ஆயா. பெருக்குவேன், வெந்நீர் போடுவேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பேன். பெயர் மாரிக்கனி, பிள்ளைகளுக்குக் கனியக்கா. விடுதியில் தொண்ணூற்றாறு பிள்ளைகள், மாடிக்கு ஏற வெளிப்பக்கமாக இருபத்திரண்டு படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் படிகளில்தான் தலை வாருவார்கள். மேல்படியில் ஒருத்தி, அவளுக்கு முன்னால் கீழ்ப்படியில் ஒருத்தி, அவளுக்கும் கீழே ஒருத்தி என்று வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருப்பவளுக்கு எண்ணெய் வைத்து, ஈர் உருவி, சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். எல்லாருக்கும் மேலே இருப்பவளுக்குப் பின்னால் ஆள் இருக்காது, அவளுக்கு நான் பின்னிவிடுவேன். ஒரு கூட்டம் எழுந்து போனால் அடுத்த கூட்டம் உட்காரும். யார் யாருக்கு முன்னால் உட்காருகிறாள் என்று பார்த்தாலே அந்த வருஷம் யார் யாரோடு என்று எனக்குத் தெரிந்துபோகும்.

கூட்டம் சேருவது ஜூன் மாதம் முதல் இரண்டு வாரத்தில் முடிந்துவிடுகிற காரியம். முதல் நாள் எல்லாரும் அழுவார்கள். அழும்போது பக்கத்தில் யார் இருந்தாளோ அவளோடு மூன்று வருஷம். ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு கூட்டம், மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தவளைச் சுற்றி ஒரு கூட்டம், இங்கிலீஷ் வகுப்பில் முழிக்கிறவர்கள் ஒரு கூட்டம், முழிக்காதவர்கள் ஒரு கூட்டம். "எந்த ஊரு?" என்று கேட்டு, அதோடு நிறுத்தாமல் "எந்தத் தெரு?" என்றும் கேட்டுச் சேருகிற கூட்டமும் உண்டு, அதைப் பற்றி நான் அதிகம் பேசினால் வம்பு. இரண்டு வாரம் முடிந்தால் தட்டு வைக்கிற இடம், துணி காயப்போடுகிற கொடி, குளியலறை வரிசை எல்லாம் பங்கு பிரிந்துபோகும். அதற்குப் பிறகு வருகிறவள் எங்கே போவாள்?

பேச்சி அதற்குப் பிறகு வந்தாள். முத்துப்பேச்சி, தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக்காரப் பிள்ளை. ஏதோ ஒரு சான்றிதழ் வரத் தாமதமாகி, ஆகஸ்ட் மாதம் ஒரு தகரப் பெட்டி, ஒரு வாளி, ஒரு மொட்டைத் தலையோடு வந்து இறங்கினாள். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் திருச்செந்தூரில் முடி இறக்குவதாக அவளுடைய அம்மா நேர்ந்திருந்தாளாம், தன் முடியை அல்ல, மகள் முடியை.

வந்த முதல் ஞாயிறு அவளும் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு படிக்கு வந்தாள். மேல்படியில் இருந்த ஹெலன் பிருந்தா, அவள் கூட்டத்துக்கே அவள்தான் தலை, "ஏட்டி, மொட்டைக்கு எதுக்குச் சீப்பு? துண்டு கொண்டா, துடைச்சு விடுதோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கடைசிப் படியில் ஓரமாக உட்கார்ந்து, சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் கூட்டம் எழுந்து போகிற வரைக்கும் இருந்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தாள்.

"ஏன்டி வெயில்ல வந்து உக்காந்திருக்க?" என்று கேட்டேன்.

"இடம் போட்டு வைக்கேன்க்கா. முடி வளந்ததும் இடம் இல்லைன்னு சொல்லிரக் கூடாதுல்லா."

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் ஞாயிறு, ஹெலன் பிருந்தாவின் கூட்டம் ஆறு பேரும் பின்னி முடித்தார்கள், ஹெலன் எழுந்தாள், அவளோடு மற்ற ஐந்து பேரின் தலையும் பின்னால் சாய்ந்தது.

"எவட்டி என் சடையைப் பிடிச்சு இழுக்கது?"

"நீதான்ட்டி இழுக்க!"

நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று பார்த்தேன். ஆறு பிடரியிலிருந்தும் ஆறு பின்னல் புறப்பட்டு, ஒரு முழம் தனித்தனியாக வந்து, அதன் பிறகு ஒரே சடையாக, மணிக்கட்டுப் பருமனில், படியிறங்கிக் கிடந்தது. எது யார் முடி என்று பிரித்துப் பார்க்க ஒரு நுனி அகப்படவில்லை. கத்தரிக்கோல் கொண்டு வந்தேன், இரும்பு பட்டதும் ஆறு பேரும் விரலை நறுக்கிய மாதிரி அலறினார்கள். கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

அதைப் பார்த்த பிறகும் மற்றவர்கள் படியில் உட்கார்ந்தார்களா என்று கேட்பீர்கள். உட்கார்ந்தார்கள். தங்களுக்கும் ஒட்டிவிடுமோ என்று முதலில் பயந்தவர்கள், தங்கள் கூட்டம் மட்டும் ஒட்டாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தொண்ணூற்றைந்து பிள்ளைகள் பதினோரு சடையாகிவிட்டார்கள். பேச்சி கடைசிப் படியில் இருந்தாள், தலையில் மூன்று விரல் உயரத்துக்கு முடி நட்டுக்கொண்டு நின்றது, அதைப் பின்ன ஆளும் இல்லை, பின்ன முடியவும் முடியாது.

வார்டன் எஸ்தர் மேடம் வந்தார். "எண்ணெய் காச்சினது யாரு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி, நான் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தேன். பதினோரு சடையையும் ஒரு சுற்று நடந்து பார்த்தார். "சரி, சோறு ஆறுது. சடை சடையா வந்து உக்காருங்க" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது.

திங்கட்கிழமை ஆசாரி வந்து குளியலறைக் கதவுகள் ஒவ்வொன்றிலும் அடியில் அரைவட்டமாக வெட்டிக் கொடுத்தார், ஒருத்தி உள்ளே போனால் சடை அந்த வழியாக வெளியே வரும், மற்றவர்கள் வெளியே வரிசையாக நின்று "சீக்கிரம் வாட்டி" என்று கத்துவார்கள். டாக்டரம்மா வந்து பார்த்து எல்லாருக்கும் இரும்புச் சத்து மாத்திரை எழுதினார், அவர் எதற்குமே அதைத்தான் எழுதுவார். ஒரு சடையில் சரித்திரம் படிப்பவளும் வேதியியல் படிப்பவளும் கணக்கு படிப்பவளும் இருந்ததால் எல்லாரும் எல்லா வகுப்புக்கும் போனார்கள், மாசி பிறப்பதற்குள் சரித்திரப் பிள்ளைகள் அமிலத்தை மூக்கால் அடையாளம் கண்டார்கள், வேதியியல் பிள்ளைகள் பாண்டிய ராஜாக்களின் பெயரை வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். கேட் வாசலில் பூ விற்கும் சண்முகக்கனி முழத்தை விட்டுவிட்டுச் சடைக்கு ஒரு சரம் என்று கட்ட ஆரம்பித்தாள். பஸ் கண்டக்டர் நிறுத்தத்தில் ஒரு சடையைக் கண்டால் "பின் படிக்கட்டு, பின் படிக்கட்டு! நுனியைத் தூக்கிக்கிட்டு ஏறும்மா, மிதிச்சிறப் போறாங்க" என்று குரல் கொடுப்பார்.

இரண்டாம் சடையில் இருந்த உச்சிமாகாளியைப் பெண் பார்க்க சாத்தூரிலிருந்து வந்தார்கள். விருந்தினர் அறையில் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, "இதுல எங்க பொண்ணு எது?" என்றாள். "நாலாவது" என்றார் பெண்ணின் அப்பா. "மத்தவங்க?" "அவங்க கூட வருவாங்க." மாப்பிள்ளை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனவன்தான். உச்சிமாகாளிக்குச் சந்தோஷம், அவளுக்கு எம்.எஸ்ஸி. படிக்க ஆசை.

எல்லாம் நன்றாக இருந்தது என்றும் சொல்லமாட்டேன். நாலாம் சடையில் கோமதிக்கும் ரோஸ்லினுக்கும் கிறிஸ்துமஸிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்தி முறைத்துக்கொண்டு திரும்பினால் இன்னொருத்திக்குப் பிடரியில் வலிக்கும், அதனால் முறைத்துக்கொண்டே நெருங்கிப் படுத்தார்கள். கூட்டத்தை விட்டு வெளியே போக நினைத்த பிள்ளைகளும் உண்டு, அவர்கள் சாப்பிடும்போது சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரியும். எச்சில் தட்டு எடுக்கிறவளுக்கு எல்லாம் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இதைத் தப்பாகச் சொல்லக் கூடாது. தொண்ணூற்றாறு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த எஸ்தர் மேடம், ஒரு வாரத்தில் சடையைக் கூப்பிட ஆரம்பித்தார். "ஒண்ணு?" "வந்தாச்சு மேடம்!" "ரெண்டு?" "வந்தாச்சு மேடம்!" பதினொன்று வரை கூப்பிட்டு நோட்டை மூடிவிடுவார். சாப்பாட்டுத் தட்டைச் சடைக் கணக்கில் அடுக்கினார்கள். மேலிடத்திலிருந்து சடைகளைப் பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது, அலுவலகத்தில் எல்லாப் படிவத்திலும் பெயருக்குப் பக்கத்தில் 'சடை எண்' என்று ஒரு கட்டம் வந்தது. யாரும் பேச்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளைக் கூப்பிடுகிற இடம் எதுவும் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அவளுக்குத் தட்டு விழாத நாளில் என் தட்டிலிருந்து கொடுத்தேன். "நாளைக்குச் சரியாயிரும்" என்றேன். "சரியாகாதுக்கா" என்றாள் பேச்சி, "நான்தான் சரி பண்ணணும்."

மார்ச் மாதம் தேர்வுக்குப் படிவம் கொடுத்தார்கள். பேச்சி அலுவலகத்துக்குப் போனபோது நான் அங்கே பெருக்கிக்கொண்டிருந்தேன். கிளார்க் சுடலைமணி சார் நல்ல மனிதர், சுற்றறிக்கை என்றால் மட்டும் நடுங்குவார்.

"சடை எண் என்னம்மா?"

"எனக்குச் சடை இல்ல சார்."

"அந்தக் கட்டத்தை நிரப்பாட்டி கம்ப்யூட்டர் எடுக்காதும்மா."

"போன தடவை எடுத்துச்சே சார்."

"போன தடவை இந்தக் கட்டமே கிடையாதே. அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை லிஸ்ட் போகுது. அதுக்குள்ள எதுலயாவது சேந்துக்கோ."

அன்றைக்கே அவளுடைய அப்பாவுக்கு எப்படியோ தெரிந்து, விடுதி போனில் கூப்பிட்டார். போனை எடுத்தவள் நான். "பேரு இல்லைன்னா வந்துரச் சொல்லுங்க. உப்பு வார ஆள் காணாது. அவ தாய் மாமனும் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார். நான் பேச்சியிடம் சொன்னேன். அவள் பக்கெட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "பேரு வரும்னு சொல்லிருங்க" என்றாள்.

பதினோரு சடையிடமும் போய்க் கேட்டாள், ஒன்றுவிடாமல். ஹெலன் பிருந்தா மனசு கெட்டவள் இல்லை, "ஏட்டி, நாங்க ஆறு பேரு பாத்ரூம் போய் வரவே முக்கால் மணி ஆகுது, நீ வேறயா?" என்றாள். அப்புறம் மனசு கேட்காமல் ஒரு ரிப்பனால் பேச்சியின் முடியைத் தங்கள் சடையோடு கட்டிப் பார்த்தாள், ரிப்பன் தானாக அவிழ்ந்து விழுந்தது. மூன்று தடவை கட்டினாள், மூன்று தடவையும் விழுந்தது. ஏழாம் சடையில் ஒரு பிள்ளை, "நீ எந்தத் தெரு?" என்று கேட்டாள். பேச்சி மறைக்காமல் சொன்னாள். ஏழாம் சடை முழுவதும் மெதுவாக மறுபக்கம் திரும்பியது. அவளோடு பேசாமல் திரும்பியவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள், ஆனாலும் திரும்பினார்கள். சடை திரும்பினால் திரும்பித்தானே ஆக வேண்டும்.

அடுத்து நடந்ததற்கு நான்தான் காரணமா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம். ஞாயிற்றுக்கிழமை தலை வாரிய பிறகு படியைப் பெருக்கும்போது உதிர்ந்த முடியை நான் தூக்கிப் போடுவதில்லை. சுருட்டி ஓர் அரிசிச் சாக்கில் போட்டு வைப்பேன். சைக்கிளில் ஒரு சிக்குமுடிக்காரர் வருவார், முடிக்குப் பதிலாக ஊக்கு, சீப்பு, எப்போதாவது எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பார். மூன்று வருஷமாக அவர் வரவில்லை. சாக்கு நிறைந்துபோய் ஸ்டோர் அறையில் கிடந்தது, வார்டனுக்குத் தெரியாது. விளக்குமாறு எடுக்கப் போன பேச்சி அதைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, இது யாரு முடி?"

"எல்லாரு முடியுந்தான். மூடி வை."

"ஹெலன் முடி இருக்குமா?"

"இருக்கும்."

"ஏழாம் சடை முடி?"

"எல்லாம் கலந்து கிடக்கு. போனவங்க முடி, இருக்கவங்க முடி. மூடுட்டி, மேடம் வந்திரப் போறாங்க."

அவள் மூடவில்லை. "இதுல ஒரு சவுரி கட்டலாம்லா?" என்றாள்.

எண்ணெய் ஏற்கெனவே என் தலையில், இதில் முடியும் சேர்ந்தால் வேலை போகும், திருப்பூரில் மகள் வீட்டில் போய்ச் சம்பந்தியம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முடியாது, முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். பேச்சி சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் துவைகல்லுக்குப் போனாள். மூன்று மத்தியானம் உட்கார்ந்து சீயக்காய் போட்டு அலசினாள், காயவைத்தாள், சிக்கெடுத்தாள், நீளம் பார்த்து அடுக்கினாள், நூல் சுற்றிக் கட்டினாள். நான் வார்டன் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு சுவர் மூலையில் நின்றேன். உதவிக்கு நிற்கவில்லை, பயத்தில் நின்றேன். ஆனால் சீயக்காயை அரைத்துக் கொடுத்தவளும் நான்தான்.

அவள் தலையில் அப்போது நாலு விரல் முடி. அதில் ஊக்குப் போட்டுச் சவுரியை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். முதுகு தாண்டி, இடுப்பு தாண்டி, கறுப்பும் செம்பட்டையுமாக ஒரு முடி, இப்படி ஒன்றை அந்த விடுதி பார்த்ததில்லை. அவள் ஒவ்வொரு அறையாகக் கடந்து போகும்போது, அந்தந்த அறையில் இருந்த சடை அவள் பக்கம் ஒரு சுண்டு சுண்டியது. ஹெலன் கூட்டம் ஆறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஏழாம் சடை திரும்பக் கூடாது என்று கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அதுவும் திரும்பியது. பிள்ளைகள் திரும்பவில்லை, முடி திருப்பியது.

மறுநாள் பேச்சி அலுவலகத்துக்குப் போய், "சடை இருக்கு சார், பன்னிரண்டுன்னு போடுங்க" என்றாள். சுடலைமணி சார் வார்டனைக் கூப்பிட்டார். எஸ்தர் மேடம் சவுரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யார் முடி என்று கேட்காமல் விட்டார், அதற்கே நான் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். ஆனால் தலையை ஆட்டினார். "சடைன்னா ரெண்டு பேர் அல்லது அதுக்கு மேலன்னு சுற்றறிக்கையில இருக்கு பேச்சி. ஒருத்தி எப்படிச் சடையாவா? திங்கட்கிழமை லிஸ்ட் போகுது. நான் என்ன செய்யட்டும்?"

நடுவில் ஒரே ஒரு ஞாயிறு இருந்தது.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஏன் எட்டாம் வகுப்பை விட்டேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, கேட்டால் வறுமை என்று சொல்லிவிடுவேன். வறுமைதான். ஆனால் வயதுக்கு வந்து சடங்கு முடிந்து இருபது நாள் கழித்துப் பள்ளிக்கூடம் போனபோது, மூன்றாம் பெஞ்சில் என் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். ஐந்து பேர் உட்காருகிற பெஞ்சு. கொஞ்சம் தள்ளி உட்கார் என்றேன். யாரும் தள்ளவில்லை. டீச்சர் பாடத்தை ஆரம்பித்துவிட்டார், நான் பையோடு நின்றேன். மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்துவிட்டேன், மறுநாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். அங்கே தரையில் உட்கார்ந்து குச்சி அடுக்க வேண்டும், தரைக்கு இடம் பற்றாமல் போகாது.

ஞாயிறு காலை எண்ணெய் காய்ச்சினேன். படியில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள். பேச்சி கடைசிப் படியில் வழக்கமான இடத்தில், மடியில் சீப்போடு. நான் மேல்படியில்தான் நிற்க வேண்டும், அதுதான் என் இடம். கால் தானாக இறங்கியது என்று சொல்லலாம், ஆனால் அது பொய். இருபது படியும் எண்ணி எண்ணித்தான் இறங்கினேன், ஒவ்வொரு படியிலும் வேலை போய்விடும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவளுக்குப் பின்னால் இருந்த படியில் உட்கார்ந்து என் கொண்டையை அவிழ்த்தேன்.

"என்னக்கா பண்ணுதீங்க?"

"பேசாம நேரா உக்காரு."

என் முடி பெரிதாக ஒன்றும் இல்லை, எலிவால். அதைத் தோள் வழியாக முன்னால் எடுத்துவிட்டேன். அவள் முடியும் சவுரியும் இரண்டு கால், என் முடி மூன்றாவது கால். பின்னினேன். ஒட்டாவிட்டால் எல்லார் முன்னாலும் நான் என்ன ஆவேன்? நுனி வரைக்கும் பின்னி, ரிப்பன் கட்டாமல் கையை எடுத்தேன்.

"முடிஞ்சுதாக்கா?" என்று பேச்சி தலையைத் திருப்பினாள். எனக்கு உச்சியில் சுண்டியது.

மேலே ஹெலன் பிருந்தா ஒரு விசில் அடித்தாள்.

எஸ்தர் மேடம் வந்து பார்த்து இடுப்பில் கை வைத்தார். "கனி, என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

"பின்னியாச்சு மேடம்."

"நீ ஸ்டூடண்ட் இல்லையே!"

"ரெண்டு பேருன்னுதானே மேடம் சொன்னீங்க."

மறுநாள் இரண்டு பேருமாக அலுவலகத்துக்கு நடந்தோம். சேர்ந்து நடப்பது லேசு இல்லை, அவள் வேகமாக நடப்பாள், நான் எதையாவது மறந்துவிட்டு நிற்பேன். சுடலைமணி சார் சுற்றறிக்கையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார், மாட்டிக்கொண்டு படித்தார். "சடையில் உள்ள ஒவ்வொருவரும் தேர்வராக இருக்க வேண்டும்னு போட்டிருக்கு. ஹால் டிக்கெட் கையில வச்சிருக்கணும்னு போட்டிருக்கு." அவர் இன்னொரு தடவை படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எந்தத் தேர்வுன்னு போடலம்மா" என்றார்.

எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வர் படிவம் அவரே எடுத்துக் கொடுத்தார். பேச்சி நிரப்பினாள், நான் கையெழுத்துப் போட்டேன், இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு முழுப் பெயரையும் எழுதினேன், கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை. அந்தப் படிவத்தில் சடை எண் கேட்கவில்லை. பேச்சி விடவில்லை, ஓரத்தில் அவளாகவே ஒரு கட்டம் போட்டு '12' என்று எழுதினாள். அன்று சாயங்காலம் எஸ்தர் மேடம் வருகை எடுத்தபோது பதினொன்றோடு நோட்டை மூடப் போனார், நின்றார். "பன்னெண்டு?" என்றார்.

"வந்தாச்சு மேடம்!" என்று இரண்டு பேரும் கத்தினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன்.

ஏப்ரல் மாதம் முதல் தேர்வன்று பறக்கும் படையிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய ஹாலில் சடை சடையாகப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேச்சி எழுதினாள், நான் பக்கத்து ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"யார் இந்தம்மா? எழுந்திருங்க."

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பேச்சிக்குத் தலை இழுக்கும், எழுதுகிற வரி கோணும். பேச்சியின் பேனா நின்றுவிட்டது, அவள் மூச்சு நின்றது எனக்குப் பிடரியில் தெரிந்தது. நான் ரவிக்கைக்குள் இருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எட்டாம் வகுப்பா?"

"ஆமா சார். அடுத்த மாசம்."

"இங்க என்ன செய்யறீங்க?"

"உக்காந்திருக்கேன் சார்."

அவர் சுடலைமணி சாரைப் பார்த்தார், சுடலைமணி சார் சுற்றறிக்கையைக் கொண்டு வந்தார், இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்று படித்தார்கள். பதினோரு சடையும் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தது. ஏழாம் சடையும்தான். படித்து முடித்தவர் ஹால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "முகத்தைச் சுவர்ப் பக்கம் வச்சுக்குங்கம்மா" என்றார். பேச்சியின் பேனா ஓட ஆரம்பித்தது.

அவள் எல்லாத் தாளும் எழுதினாள், எல்லாவற்றிலும் தேறினாள். அடுத்த மாதம் நான் எழுதும்போது அவள் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கணக்கில் முப்பத்தொன்பது வாங்கினேன், அது போதும். ஆனால் தேறிவிட்டால் நான் தேர்வர் இல்லையே, மறுபடியும் யாராவது வந்து எழுந்திரு என்று சொன்னால் என்ன காட்டுவேன் என்று முடிவு வந்த அன்றே பயம் பிடித்துக்கொண்டது. பேச்சிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஜூன் மாதம் வேறு வருகிறது, தாமதமாக ஒருத்தி வராமல் இருக்கமாட்டாள், அவளுக்கு என்று சாக்கில் கொஞ்சம் முடியை மிச்சம் வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் யோசித்து, சாயங்காலம் அலுவலகம் பூட்டுவதற்குள் பேச்சியை இழுத்துக்கொண்டு ஓடி, பத்தாம் வகுப்புப் படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை ஓரத்தில் கட்டத்தை நானே போட்டேன்.